ஆர்.ஐ.டி.: பதிவேடு நன்று, பிரதிநிதித்துவம் போதாது

அமெரிக்காவில் சைகை மொழிபெயர்ப்பாளர்களுக்கான தேசியச் சங்கம் 'ரெஜிஸ்ட்ரி ஆஃப் இன்டர்பிரெட்டர்ஸ் ஃபார் தி டெஃப்', சுருக்கமாக ஆர்.ஐ.டி. இது 1964 ஜூன் மாதம் இந்தியானா மாநிலத்தின் மன்சி நகரில், பால் ஸ்டேட் ஆசிரியர் கல்லூரியில் நடந்த ஒரு பயிலரங்கில் உருவானது. காதுகேளாத பெற்றோரின் பிள்ளைகளும் தேவாலய ஊழியர்களும் ஆசிரியர்களும் பெரும்பாலும் ஊதியமின்றி உதவியாகச் செய்துவந்த வேலையை, தேர்வும் சான்றிதழும் நடத்தை விதியும் உள்ள தொழிலாக மாற்றியதில் இச்சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. சைகை மொழியில் உரையாடும் மகளின் தாயாக, அதன் சேவைகளைப் பயன்படுத்திவரும் அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன்.

சங்கத்தின் ஆகச் சிறந்த சேவை அதன் பொதுப் பதிவேடு. எவரும் கட்டணமின்றி, உறுப்பினராகாமலே, மாநிலம், நகரம், சான்றிதழ் வகை ஆகியவற்றைக் குறிப்பிட்டு மொழிபெயர்ப்பாளர்களைத் தேடலாம்; பெயரைக் கொடுத்து ஒருவரிடம் சான்றிதழ் உள்ளதா என்றும் சரிபார்க்கலாம். இதன் அருமை எனக்கு ஒரு மருத்துவமனையில்தான் விளங்கியது. அங்கே ஏற்பாடு செய்யப்பட்டிருந்தவர், மருத்துவர் மருந்தின் பக்கவிளைவுகளை நிதானமாக விளக்கியதையெல்லாம் நான்கைந்து சைகைகளில் முடித்துவிட்டார். மகள் கேட்ட கேள்வியை மருத்துவரிடம் சொல்லாமல் தானே பதில் கொடுத்தார். இடையில் என் பக்கம் திரும்பி, "அவளுக்கு இதெல்லாம் புரியுமா?" என்று வாயால் கேட்டார், மகளோ எங்கள் இருவரின் உதடுகளையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு திரும்பிப் பதிவேட்டில் தேடியபோது அந்தப் பெயர் இல்லை.

1990ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி, தகுதி வாய்ந்த மொழிபெயர்ப்பாளரை மருத்துவமனையே தன் செலவில் ஏற்பாடு செய்ய வேண்டும். ஆனால் அந்தத் தகுதிக்குச் சான்றிதழைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. உரிம விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. ஆகவே, வந்திருப்பவர் உண்மையிலேயே தேறியவர்தானா என்று ஒரு சாதாரணக் குடும்பம் அறிந்துகொள்ள இந்தப் பதிவேடுதான் எளிய வழி.

அடுத்துக் குறிப்பிட வேண்டியது, காதுகேளாதோரின் தேசியச் சங்கமான என்.ஏ.டி.யுடன் சேர்ந்து 2005இல் உருவாக்கிய நடத்தை விதித்தொகுப்பு. ஏழு கோட்பாடுகள் கொண்ட இத்தொகுப்பு, சொல்லப்படுவதன் பொருளையும் உணர்வையும் குறையாமல் கடத்த வேண்டும் என்றும், மொழிபெயர்ப்பாளர் தாமாக அறிவுரையோ சொந்தக் கருத்தோ சொல்லக் கூடாது என்றும் தெளிவாக விதிக்கிறது. எங்களுக்கு நேர்ந்தது தவறு என்று நெஞ்சில் உறுத்தியதை, எந்த விதி மீறப்பட்டது என்று மருத்துவமனைக்கு எழுதிக் கேட்க முடிந்தது இதனால்தான். சேவை பெறுவோரின் சங்கமும் சேர்ந்து எழுதிய விதிகள் என்பதால் அவற்றின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

இனி, பிரதிநிதித்துவம். மொழிபெயர்ப்பாளர்களின் குரலாக இருப்பதும், அவர்களுக்குச் சான்றிதழ் வழங்குவதும், அவர்கள் மீதான புகார்களை விசாரிப்பதும் ஒரே சங்கம் என்பது ஆரம்பத்திலிருந்தே உள்ள சிக்கல். சான்றிதழைத் தக்கவைத்துக்கொள்ள உறுப்பினர் கட்டணம் செலுத்தியாக வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை 80 மணி நேரத் தொடர்பயிற்சிக்கும் கணக்குக் காட்ட வேண்டும். பயிற்சி விதியை முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் விலகினால் சான்றிதழும் போய்விடும் என்ற நிலையில், ஒருவர் விரும்பி உறுப்பினராக இருக்கிறாரா, வேறு வழியின்றி இருக்கிறாரா என்பதைச் சங்கத்தால் அறிய முடியாது. புதிய தேர்வுகளைத் தற்காலிகமாக நிறுத்துவதாக 2015இல் சங்கம் அறிவித்தது. பின்னர் தேர்வுப் பணி காஸ்லி என்ற தனி நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இது சரியான முடிவுதான் என்றாலும், அந்த நிறுவனமும் ஆர்.ஐ.டி.க்குச் சொந்தமானதே என்பதால் பிரிவினை முழுமையாகவில்லை.

இதில் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் காதுகேளாத மொழிபெயர்ப்பாளர்கள். காது கேட்கும் மொழிபெயர்ப்பாளருடன் இணைந்து பணியாற்றும் இவர்கள், வழக்கமான அமெரிக்கச் சைகை மொழி அறியாத ஒருவரின் சைகைகளையும் முகக்குறிப்புகளையும் படித்துப் பொருள் கொள்ளும் திறன் பெற்றவர்கள். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து, வீட்டுச் சைகைகளை மட்டுமே அறிந்த ஓர் உறவினர் நீதிமன்றத்திலோ அறுவைச் சிகிச்சைக்கு முன்போ நிற்கும்போது, அவருக்குப் பெரிதும் கைகொடுக்கக்கூடியவர் இவரே. இவர்களுக்குரிய சான்றிதழான சி.டி.ஐ.க்கான செயல்முறைத் தேர்வு பல ஆண்டுகள் நடக்கவில்லை. காதுகேளாதோரின் மொழியையே அடிப்படையாகக் கொண்ட தொழிலில் அவர்களே வரிசையின் கடைசியில் நிறுத்தப்பட்டதைச் சிறு குறையாக என்னால் ஒதுக்க முடியவில்லை. காதுகேளாதோருக்கும் வெள்ளையரல்லாதோருக்கும் சங்கத்தில் தனி உறுப்பினர் பிரிவுகள் இருக்கின்றன. அவற்றின் கோரிக்கைகள் தேர்வுக் கால அட்டவணையிலும் வரவு செலவிலும் தெரிய வேண்டும்.

புகார் முறைக்கும் ஓர் எல்லை உண்டு. சங்கத்துக்கு வெளியே உள்ளவர் மீது அது நடவடிக்கை எடுக்க முடியாது. 2017இல் இர்மா புயலின்போது புளோரிடாவின் மனாட்டீ மாவட்டம், காதுகேளாத சகோதரர் ஒருவர் இருக்கிறார் என்பதற்காகத் தன் கடற்கரை உயிர்காப்புப் பணியாளரையே அவசர அறிவிப்புக்கு மொழிபெயர்க்க நிறுத்தியது. வெளியேறச் சொல்லும் எச்சரிக்கைக்கு நடுவே பொருளற்ற சைகைகளே மக்களைச் சென்றடைந்தன. இத்தகைய நேரங்களில் சங்கம் செய்யக்கூடியது, தகுதியை வரையறுக்கும் மாநிலச் சட்டங்களுக்காகக் காதுகேளாதோர் அமைப்புகளுடன் சேர்ந்து வாதாடுவதே. அந்தப் பணியில் அது இன்னும் உரக்கப் பேச வேண்டும்.

குறைகள் இருந்தும், இந்தப் பதிவேட்டைப் பயன்படுத்துமாறு எல்லாப் பெற்றோருக்கும் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். மருத்துவச் சந்திப்பை உறுதிசெய்யும்போதே வரவிருக்கும் மொழிபெயர்ப்பாளரின் பெயரையும் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். பெயர் தர மறுத்தால், சான்றிதழ் பெற்றவரே வேண்டும் என்ற கோரிக்கையை எழுத்தில் அனுப்பி, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.