வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று பத்திக் கணக்கு: ஏழு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

மும்பையில் மாட்டுங்கா கடைத்தெருவில் 2017ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்கினேன். மளிகைக் கடைக்காரர்கள் பற்று எழுதுவார்களே, அந்த வகை. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கோடு இழுத்து, சிக்கனம், நடுத்தரம், வசதி என்று மூன்று பத்திகளுக்குத் தலைப்பிட்டேன். தாய்லாந்து, சிங்கப்பூர், ஜப்பான், சுவிட்சர்லாந்து ஆகிய நான்கு பயணங்களுக்கு இந்த நோட்டில்தான் கணக்குப் போட்டேன். ஊர் திரும்பிய பிறகு உண்மையில் ஆன செலவைப் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதி வைத்தேன். செம்பூரில் எங்கள் குடியிருப்பில் பலர் இந்த நோட்டை இரவல் வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்கு வாயால் சொன்னவற்றை எழுத்தில் வைப்பது பயன்படும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

இந்த முறையை எளிதாக விளக்கிவிடலாம். பெரும்பாலோர் "ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு இவ்வளவு" என்று ஒரே தொகையைப் போட்டு நாட்களால் பெருக்குகிறார்கள். அது தவறு, ஏனென்றால் செலவுகள் எல்லாம் ஒரே அளவுகோலில் வருவதில்லை. விமானச் சீட்டு, விசா, காப்பீடு ஆகியவை தலைக்கு ஒரு முறை. அறை வாடகை அறைக்கும் இரவுக்கும். சாப்பாடும் உள்ளூர்ப் போக்குவரத்தும் தலைக்கும் பகலுக்கும். ஐந்து இரவு தங்கினால் ஆறு பகல் சாப்பிட வேண்டும். இருவர் போனாலும் மூவர் போனாலும் அறை ஒன்றாகவே இருக்கக்கூடும். எனவே இந்த மூன்றையும் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு வரிக்கும் மூன்று பத்திகளிலும் விலை விசாரித்து எழுதுவேன். அதற்குப் பிறகுதான் எந்தப் பத்தியில் போவது என்ற முடிவு.

அந்த முடிவில்தான் முதல் இரண்டு பயணங்களிலும் தவறினேன். பயணம் முழுவதையும் ஒரே பத்தியில் அடக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

2018 ஜனவரியில் கல்லூரித் தோழிகள் நால்வராக பாங்காக்கும் சியாங் மாயும் போனோம். முழுக்க முழுக்கச் சிக்கனப் பத்தி. இந்தியர்களுக்கு விசா இல்லாத நுழைவு 2023 நவம்பரில்தான் வந்தது. நாங்கள் போனபோது விமான நிலையத்தில் தலைக்கு 2,000 பாட், அதாவது அன்றைய மதிப்பில் நாலாயிரம் ரூபாய், கட்டினோம். விடுதிப் படுக்கை இரவுக்கு 350 பாட். தெருக்கடைச் சாப்பாடு மலிவு. எல்லாம் கணக்குப்படியே நடந்தது, ஒன்றைத் தவிர. கையில் அதிகப் பணம் வைத்துக்கொள்ள பயந்து, அவ்வப்போது ஏடிஎம்மில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். வெளிநாட்டு அட்டைக்கு அங்கே ஒவ்வொரு முறையும் 220 பாட் பிடித்தார்கள். ஐந்து முறை எடுத்ததில் 1,100 பாட் போனது, மூன்று இரவுப் படுக்கை வாடகைக்கும் மேல். நோட்டில் அதற்கு ஒரு வரியே இல்லை. பத்து ரூபாய் குறைந்த நூடுல்ஸ் கடையைத் தேடி வெயிலில் நடந்தவள், அறியாமலே இரண்டாயிரத்துக்கும் அதிகமான ரூபாயை இயந்திரத்திடம் கொடுத்திருக்கிறேன். சிவப்பு மையில் அந்தத் தொகையை எழுதியபோது வந்த கோபத்தில் பேனா தாளைக் கிழித்துவிட்டது. அந்தக் கிழிசல் இன்றும் இருக்கிறது.

அன்றிலிருந்து "பணத்தை மாற்றும் செலவு" என்பது நோட்டில் தனிப் பகுதி. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்தப் பத்தியில் பயணம் செய்தாலும் இது எல்லோரையும் பிடிக்கும். பல கடன் அட்டைகளில் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. சேர்த்தால் நூறு ரூபாய்க்கு நாலு ரூபாய் பதின்மூன்று பைசா. ஒரு லட்சம் செலவழித்தால் நாலாயிரத்துச் சொச்சம் எந்தப் பொருளும் கைக்கு வராமலே போகிறது. அட்டை வாங்கும்போதே இந்த விகிதத்தைக் கேட்க வேண்டும்; குறைவான கட்டணம் வாங்கும் அட்டைகளும், முன்கூட்டியே பணம் ஏற்றிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் அட்டைகளும் இருக்கின்றன. அடுத்தது, கடையில் அட்டையைத் தேய்க்கும் இயந்திரம் சில சமயம் "ரூபாயில் கட்டுகிறீர்களா, உள்ளூர் நாணயத்திலா" என்று கேட்கும். ரூபாய் என்றதும் நமக்கு ஒரு நிம்மதி வரும். ஆனால் அந்த மாற்று விகிதத்தை வைப்பது அவர்கள், அதில் அவர்களுடைய லாபமும் சேர்ந்திருக்கும். எப்போதும் உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். மூன்றாவதாக, இணையத்தில் தெரியும் விகிதத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். நமக்கு விற்கும் விகிதம் வேறு. நான் இணைய விகிதத்தோடு ஐந்து சதவீதம் கூட்டித்தான் ஒவ்வொரு வரியையும் ரூபாயாக மாற்றுகிறேன்; அடுத்த மூன்று பயணங்களிலும் இந்த ஐந்து சதவீதம் போதுமானதாகவே இருந்தது.

நாணயத் தாள்களை ஃபோர்ட் பகுதியில் இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டு, முடிந்தவரை குறைவாக வாங்குகிறேன். சஹார் விமான நிலையத்தில் மாற்றுவதைக் கடைசி வழியாக மட்டுமே வைத்திருக்கிறேன். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் என்றால் ரொக்கமாகக் கொடுத்து வாங்க முடியாது, வங்கி வழியாகத்தான் கட்ட வேண்டும். திரும்பி வந்தபின் மிஞ்சும் தாள்களை 180 நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. 2,000 டாலர் மதிப்பு வரை நாமே வைத்துக்கொள்ளலாம் என்பதால் பெரும்பாலோருக்கு இது சிக்கலாவதில்லை.

சிங்கப்பூருக்கு 2019 மே மாதம் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு போனோம். இந்த முறை எல்லாவற்றுக்கும் நடுத்தரப் பத்தி. உணவுக் கடைகள் நிறைந்த தேக்கா மையத்தில் ஐந்தாறு டாலரில் வயிறு நிறைந்தது, அப்பாவுக்கு செராங்கூன் சாலையில் காலைக் காப்பியும் தமிழ் நாளிதழும் கிடைத்தன. உணவு வரியில் நான் நினைத்ததைவிடக் குறைவாகவே ஆனது. சறுக்கியது அறையில். எம்ஆர்டி எனப்படும் மெட்ரோ ரயில் நிலையத்தை ஒட்டிய விடுதி இரவுக்கு 130 சிங்கப்பூர் டாலர் என்பதால் வசதிப் பத்தியில் இருந்தது. நிலையத்திலிருந்து பதினைந்து நிமிடம் நடக்க வேண்டிய விடுதி 85 டாலர், நடுத்தரப் பத்தி. ஐந்து இரவுக்கு 225 டாலர் மிச்சம் என்று இரண்டாவதை எடுத்தேன். முதல் நாள் மாலையே அம்மாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. மறுநாளிலிருந்து நான்கு நாட்களும் நாளுக்கு ஐம்பது டாலர் அளவில் டாக்சிக்கே போனது. மிச்சம் 25 டாலர். நிலையத்துக்குப் பக்கத்திலேயே தங்கியிருந்தால் மதியம் அறைக்கு வந்து ஓய்வெடுத்துவிட்டு மாலையில் மறுபடி கிளம்பியிருக்கலாம். "ரூம்ல ரெண்டு மணி நேரம் கால நீட்டிப் படுத்தா எனக்குப் போதும்மா, வேற ஒண்ணும் வேண்டாம்" என்று அம்மா சொன்னதை அன்றிரவே நோட்டில் எழுதி வைத்தேன். நான் அதுவரை வசதி என்று நினைத்தது மெத்தை, குளியலறை, காலை உணவு இவற்றை. அம்மாவுக்கு வசதி என்பது அறைக்கும் ரயிலுக்கும் இடையில் உள்ள தூரம்.

அதன் பிறகு ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகப் பத்தியைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினேன். அதை முதன்முதலாகச் சோதித்தது 2024 ஏப்ரலில், ஜப்பானில். கணவர், நான், எட்டு வயது மகள். யென் அப்போது சுமார் 55 பைசா.

ஜப்பான் என்றதும் எல்லோரும் முதலில் சொல்வது ரயில் பாஸ். ஏழு நாள் பாஸ் 29,650 யென்னாக இருந்தவரை, தோக்கியோவிலிருந்து கியோத்தோவுக்குப் போய்த் திரும்பினாலே ஏறக்குறைய போட்ட பணம் வந்துவிடும். 2023 அக்டோபரில் அதை 50,000 யென்னாக்கிவிட்டார்கள். ஆனாலும் பழைய அறிவுரை வாய்வழியாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நோட்டில் கணக்குப் போட்டபோது, குழந்தைக்குப் பாதி விலை சேர்த்து மூவருக்கும் பாஸ் 1,25,000 யென். தனித்தனிச் சீட்டு வாங்கினால் ஒரு வழிக்குப் பெரியவருக்கு 14,000 யென் அளவில், போக வர மூவருக்கும் 70,000 யென். வித்தியாசம் முப்பதாயிரம் ரூபாய். பாஸ் வாங்குவதுதான் சிக்கனம் என்று ஊரே சொன்னாலும், வரி வரியாகப் போட்டுப் பார்க்காமல் நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் என்னிடம் இல்லை.

அந்தப் பயணத்தில் அறைக்குச் சிக்கனப் பத்திதான். பெட்டியை விரித்தால் கால் வைக்க இடமில்லாத அறைகள், ஆனால் ஒவ்வொன்றும் ரயில் நிலைய வாசலில். பெட்டிகளை மட்டும் வசதிப் பத்தியில் வைத்தேன். அங்கே விடுதி வரவேற்பிலேயே பெட்டியைக் கொடுத்துவிட்டால், மறுநாள் அடுத்த ஊர் விடுதிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் சேவை இருக்கிறது. இரண்டு பெட்டிக்கும் சேர்த்து 5,000 யென் அளவில் ஆனது. நம் பணத்தில் 2,750 ரூபாய். ஒரு நாள் மாற்றுடையை முதுகுப்பையில் வைத்துக்கொண்டு, தூங்கிய மகளைக் கணவர் தோளில் போட்டுக்கொண்டு, வெறுங்கையாக நான் படியேறியது நினைவிருக்கிறது. நான்கு பயணங்களிலும் கொடுத்த பணத்துக்கு இவ்வளவு நிறைவு தந்த வரி வேறொன்றுமில்லை.

சாப்பாடு சைவர்களுக்கு அங்கே கடினம். காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு இருக்கும். பெரும்பாலான இரவுகளில் கடையில் விற்கும் சோற்றுப் பொட்டலத்தை மைக்ரோவேவில் சூடாக்கி, இனிப்பில்லாத தயிர் ஊற்றி, செம்பூரிலிருந்து கொண்டுபோன மாவடுவைத் தொட்டுக்கொண்டோம். அப்படி மிச்சம் பிடித்ததை ஒரே இரவில் செலவழித்தோம். ஒசாகாவிலிருந்து ரயிலிலும் கேபிள் ரயிலிலும் ஏறிப் போகும் கோயாசான் மலையில் புத்த மடங்களில் தங்கலாம். அங்கே கட்டணம் அறைக்கல்ல, தலைக்கு. இரவு உணவும் காலை உணவும் அதில் அடக்கம். மீனோ பூண்டோ சேராத, ஷோஜின் எனப்படும் மடத்துச் சைவ உணவு. பத்து நாட்களில் எதையும் விசாரிக்காமல் மூவரும் சாப்பிட்ட ஒரே இரவு அதுதான். மகள் சின்னச் சின்னக் கிண்ணங்களை எண்ணிப் பார்த்தபடியே எல்லாவற்றையும் காலி செய்தாள்.

சுவிட்சர்லாந்துக்கு 2025 கோடையில் போனோம். இரண்டு பேருக்கும் அலுவலகத்தில் வேலை நெருக்கடி. திட்டமிட நேரமில்லாமல் ஒரு பயண நிறுவனத்தின் தொகுப்பை எடுத்தோம். அங்கே போக வேண்டிய ஷெங்கன் விசாவுக்கு (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா) 2024 ஜூனிலிருந்து பெரியவருக்கு 90 யூரோ, ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் 45 யூரோ. குறைந்தது 30,000 யூரோ வரை ஈடு தரும் மருத்துவக் காப்பீடு கட்டாயம். தொகுப்பு விலை 8,40,000 ரூபாய். அதற்கு மேல், அப்போதைய விகிதப்படி 5 சதவீதம் டிசிஎஸ் (விற்பவரே நம்மிடம் வாங்கி அரசுக்குக் கட்டும் வரி) என்று 42,000 ரூபாயை முன்கூட்டியே பிடித்தார்கள். அது செலவல்ல, வருமான வரிக் கணக்கில் நமக்கே வரவாகும். சம்பளக்காரர்கள் அதற்கான படிவத்தை அலுவலகத்தில் கொடுத்தால் சம்பளத்தில் பிடிக்கும் வரியிலேயே சரிக்கட்டிக்கொள்ளலாம். ஆனால் கட்டும் நாளில் அந்த 42,000 கையில் இருக்க வேண்டும். ஆகவே "திரும்பி வரும் பணம்" என்று நோட்டில் ஒரு தனி வரி.

எல்லா வரியும் வசதிப் பத்தியில் இருந்த ஒரே பயணம் அதுதான், மனம் குறைந்து திரும்பியதும் அதிலிருந்துதான். "சூரிக் பகுதி" என்று தொகுப்பில் எழுதியிருந்த விடுதி நகரத்திலிருந்து நாற்பது நிமிடத் தொலைவில் இருந்தது. அறை விசாலம், மெத்தை அருமை. ஆனால் காலை ஆறரைக்குக் கிளம்பினால் இரவு ஒன்பதுக்குத்தான் அதைப் பார்க்க முடியும். மகளுக்கு லேசாகக் காய்ச்சல் வந்த நாளன்று பகல் முழுவதும் பேருந்து இருக்கையில்தான் படுத்திருந்தாள். தொகுப்பு எடுப்பவர்கள் விடுதியின் பெயரையும் தெருவையும் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே முன்பணம் கட்ட வேண்டும். ஒரு வரியில் மட்டும் எதிர்பாராமல் செலவே ஆகவில்லை: சூரிக்கில் 1,200க்கும் மேற்பட்ட பொது நீரூற்றுகள் இருக்கின்றன, ஏறக்குறைய எல்லாவற்றிலும் குடிக்கலாம் என்பதால் தண்ணீர் பாட்டிலே வாங்கவில்லை.

இந்த நோட்டு முறையின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மூன்று பத்திக்கும் விலை விசாரிக்க எனக்கு ஒரு பயணத்துக்கு நான்கைந்து ஞாயிற்றுக்கிழமைகள் பிடிக்கின்றன. உடம்புக்கு முடியாமல் போவதை எந்தப் பத்தியிலும் எழுத முடிவதில்லை. அதற்காக மொத்தத்தில் பத்து சதவீதத்தைத் தொடாமல் வைக்கிறேன். குழுவாகப் போனால், யாருக்கு எந்த வரியில் வசதி வேண்டும் என்று முன்னரே மனம்விட்டுப் பேச வேண்டியிருக்கிறது. அது எல்லா வீட்டிலும் எளிதல்ல. முதல் முறை போகிறவர்களுக்கும், நான்கைந்து நாள் குறுகிய பயணத்துக்கும் இரண்டு பத்தியே போதும் என்பது என் கருத்து.

இப்போது அடுத்த பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜனவரியில் அப்பா அம்மாவோடு கோலாலம்பூர். விசா வரியில் பூஜ்யம். 2023 டிசம்பரிலிருந்து மலேசியாவுக்கு நமக்கு விசா தேவையில்லை. சாப்பாடு முதல் பத்தி. அறை மூன்றாவது பத்தி, ரயில் நிலையத்தை ஒட்டி. பத்துமலைக்கு நேரே "272 படி" என்று எழுதி, அம்மா கீழேயே இருப்பார் என்பதால், அவரோடு யார் இருப்பது, அந்த இரண்டு மணி நேரமும் நிழலில் உட்கார இடம் எங்கே என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அந்த வரிக்கு இன்னும் விலை எழுதவில்லை.