பாட்டியின் நெற்றியைத் துடைத்த கேமரா: ஆறு வருட அனுபவம்

பழுது பார்க்கக் கொடுத்திருந்த கேமரா போன வாரம் கோலாலம்பூரிலிருந்து திரும்பி வந்தது. ஷட்டரை நன்றாகவே சரிசெய்திருக்கிறார்கள், அதில் குறையில்லை. ஆனால் ஆறு வருடமாக நான் பார்த்துப் பார்த்து வைத்திருந்த செட்டிங் அத்தனையையும் அழித்து, கடையில் வாங்கிய அன்று இருந்தபடியே அனுப்பிவிட்டார்கள். நம் செட்டிங்கைச் சேமித்து வைக்கும் சி1, சி2 இரண்டும் காலி. ரசீதில் ஒரு வரி இல்லை, போனில் ஒரு வார்த்தை இல்லை.

இது தெரியாமல் அந்த வெள்ளிக்கிழமையே எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு எடுத்துப் போய்விட்டேன். சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைக்கு நடுவே இருக்கிற சின்னக் கோயில். ட்யூப் லைட் வெளிச்சம், ஐஎஸ்ஓ (வெளிச்சம் குறைந்தால் ஏற்றி வைக்கும் உணர்திறன் அளவு) 3200. பாட்டி கைகூப்பி நின்றதை நாலைந்து படம் எடுத்தேன். வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தபோது வயிறு எரிந்தது. பாட்டியின் நெற்றிக் கோடுகளைக் காணோம். விடியுமுன்னே எழுந்து வருடக்கணக்கில் ரப்பர் பால்மரம் சீவிய முகம் அது. அதன் மேல் மெழுகு பூசியது போல வழவழவென்று இருந்தது. மூக்குத்தி மட்டும் பளிச்சென்று, சுற்றிலும் மெல்லிய வெள்ளை விளிம்போடு தனியாகத் தெரிந்தது.

காரணம் இரண்டு. ஒன்று நாய்ஸ் ரிடக்‌ஷன். குறைந்த வெளிச்சத்தில் வரும் பொரிப்பொரியான புள்ளியும் தோலில் ஓடும் மெல்லிய கோடும் அதற்கு ஒன்றுதான். இரண்டையும் சேர்த்தே தேய்த்துவிடும். கறுத்த தோல் திருப்பி அனுப்பும் வெளிச்சம் குறைவு, அதனால் அங்கே புள்ளி அதிகம், தேய்ப்பும் அதிகம். நம் ஆட்களின் முகத்தில்தான் இந்த அநியாயம் முதலில் நடக்கிறது. இன்னொன்று ஷார்ப்னெஸ். எல்லாம் தேய்ந்த பிறகு மிச்சமிருக்கிற விளிம்பை மட்டும் பிடித்து அழுத்திக் காட்டும். மூக்குத்திக்கு வந்த வெள்ளை விளிம்பு அதனால்தான்.

என் செட்டிங்கில் நாய்ஸ் ரிடக்‌ஷன் ‘லோ’வில் இருக்கும். சுத்தமாக அணைத்தால் ஐஎஸ்ஓ 6400-இல் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளி கிளம்பும், அதனால் அணைப்பதில்லை. ஷார்ப்னெஸ் இரண்டு படி கீழே, கான்ட்ராஸ்ட் ஒரு படி கீழே, நிறத் தோற்றத்தைத் தீர்மானிக்கும் ஸ்டைல் ‘நியூட்ரல்’. ‘ஸ்டாண்டர்ட்’ ஸ்டைலில் அம்மனின் சிவப்புப் பட்டு மடிப்பே இல்லாமல் பெயின்ட் அடித்த சுவர் மாதிரி வரும். கேமரா முடித்துக் கொடுக்கும் ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிதான். சிவப்பு உச்சியில் போய் முட்டிக்கொண்டால் மடிப்பை மீட்க முடியாது. வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான பொது ஹிஸ்டோகிராம் இதைக் காட்டிக்கொடுக்காது, சிவப்புக்கென்று தனியாக இருப்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் இருண்ட இடங்களைத் தானாக வெளிச்சமாக்கும், அந்த நிழல் தூக்கும் வசதி. அதை அணைத்தே வைத்திருப்பேன். கறுத்த முகத்தை வெளுக்க வைக்கிறேன் என்று சாம்பல் பூசிவிடும். எங்கள் நிறம் எங்கள் நிறமாகவே வர வேண்டும். இதில் எனக்குச் சமாதானமே கிடையாது.

செம்பனை மரத்தடியில் எடுக்கிறவர்களுக்கு ஒன்று. ஓலை வழியே இறங்கும் வெளிச்சத்தில் முகம் பச்சையடிக்கும். நிறச் சாயலைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டோ வொயிட் பேலன்ஸ் அதை முழுசாக எடுக்காது. வொயிட் பேலன்ஸ் ஷிப்டில் மெஜந்தா பக்கம் இரண்டு கட்டம் தள்ளினால் கன்னத்தில் ரத்தம் ஓடுகிற மாதிரி இருக்கும்.

சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ‘ரா’ ஃபைலாக எடுத்துக் கணினியில் சரிபண்ணலாமே என்பார்கள். இந்தச் செட்டிங் எதுவும் ரா ஃபைலைத் தொடாது என்பதும் உண்மைதான். ஆனால் திருவிழா முடிந்த ராத்திரியே வாட்ஸ்அப்பில் படம் கேட்கிறவர்களுக்கு நான் ஜேபெக்தான் கொடுக்க முடியும்.

இந்தக் கேமராவை நான் நேசிக்கவும் அதே ரா ஃபைல்தான் காரணம். எடுத்த ரா படத்தைக் கேமராவுக்குள்ளேயே வேறு வேறு செட்டிங்கில் ஜேபெக்காக மாற்றிக்கொள்ளலாம். வாங்கிய புதிதில் ஒரு மழை நாள் முழுக்க வீட்டு முன்புற அஞ்சடியில் உட்கார்ந்து, பாட்டியின் ஒரே படத்தை முப்பது நாற்பது விதமாக மாற்றிப் பார்த்தேன். கடைசியில் நெற்றிக் கோடு, குங்குமம், காதோரத்து நரை மூன்றும் ஒரே படத்தில் அப்படியே வந்தன. திரையை அவரிடம் காட்டினேன். “இது நான்தான்” என்றார். அந்தச் செட்டிங்தான் இப்போது அழிந்து போனது.

பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) இருக்கும் தம்பி ஒருவன், “அண்ணே, இந்த மாடல் விலை இறங்கியிருக்கு, வாங்கட்டுமா?” என்று கேட்டிருந்தான். படம் நன்றாக வரும். நிறத்தில் இவ்வளவு சொன்னபடி கேட்கிற கேமரா என் கைக்கு இன்னொன்று வந்ததில்லை. என்னுடையதை யார் கேட்டாலும் விற்க மாட்டேன். ஆனாலும், தம்பி, வாங்காதே. செட்டிங் முழுவதையும் மெமரி கார்டில் சேமித்து வைக்கிற கேமராக்கள் இருக்கின்றன. இதில் அந்த வசதி இல்லை. ஒருமுறை பழுதுக்குப் போனால் உன் உழைப்பெல்லாம் ஒரு பட்டன் அமுக்கில் போய்விடும்.

இல்லை, வாங்கியே தீருவேன் என்றால், மெனுவில் பக்கம் பக்கமாக எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து வைத்துக்கொள். நான் இப்போது பாட்டியின் அந்தப் பழைய ரா ஃபைலைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். ஷார்ப்னெஸ்ஸிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.