பத்தமடைப் பாய்க்கடையில் வாட்ஸ்அப் சாட்பாட்: ஓட்டிப் பார்த்த அனுபவம்

பத்தமடையில் எங்கள் குடும்பத்துக்குக் கோரைப்பாய் வியாபாரம். கடைப்படி ஏறுகிறவர்களைவிட வாட்ஸ்அப்பில் விசாரிக்கிறவர்கள் அதிகமாகிப் போனதால், 2023 ஆடி வாக்கில், வருகிற செய்திக்குத் தானாகவே பதில் சொல்கிற ஒரு சாட்பாட் போட்டோம். புரோகிராம் எதுவும் எழுதவில்லை. மாதச் சந்தா வாங்கும் ஒரு சேவையில் கட்டங்களை இழுத்து வைத்து, கோடு போட்டு இணைக்கிற வகைதான். இப்படி இணைத்த கட்ட வரிசைக்கு ஃப்ளோ என்று பெயர். அன்றிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. "வாங்கலாமா?" என்று கேட்கிற கடைக்காரர்களிடம் வாங்கலாம் என்றுதான் சொல்கிறேன். டெமோவில் காட்டுகிற வாடிக்கையாளரை மட்டும் நம்ப வேண்டாம்.

டெமோவில் வருகிறவர் சமர்த்தாக ஒவ்வொரு பட்டனாக அழுத்துவார். நம்ம ஊர்க்காரர்கள் குரல் பதிவு அனுப்புவார்கள். அம்பாசமுத்திரம் பக்கத்து ஆச்சி ஒருவர், "எய்யா, பேரனுக்குக் கல்யாணம், நல்ல பாயா ரெண்டு வேணும், வெல பாத்துச் சொல்லு" என்று பேசி அனுப்பினார். பாட் அவருக்கு, "கீழே உள்ளவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்" என்றது. ஆச்சி மறுபடியும், "எய்யா, நான் சொன்னது கேட்டுச்சா இல்லியா?" பாட் மறுபடியும் அதே வரி. வாப்பா அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனை எடுத்து ஆச்சியைக் கூப்பிட்டார்.

இப்போது குரல் பதிவு வந்தாலே பாட் வாயை மூடிக்கொள்ளும், கடைப் போனில் மணி அடிக்கும். எழுத்தில் வந்தாலும் இரண்டு தடவை புரியவில்லை என்றால் அதே கதைதான். மூன்றாவது தடவை கேட்க விடுவதில்லை. ஃப்ளோ வரைய உட்காருகிறவர் முதல் கட்டமாக இந்த வெளியேறும் வழியைப் போட்டுவிட்டு, மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

பட்டன் விஷயத்தில் தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஒரு செய்திக்கு மூன்று பதில் பட்டன்தான், ஒவ்வொன்றிலும் 20 எழுத்துதான். 'கடைக்காரரிடம் பேச வேண்டும்' என்று போட்டேன். கண்ணால் எண்ணினால் இடைவெளி சேர்த்து 16. ஏற்கவில்லை. கணினிக்குப் புள்ளி தனி, கொம்பு தனி, கால் தனி. அதன் கணக்கில் அது 26. 'கடையில் பேசணும்' என்று சுருக்கினேன், 15-இல் அடங்கிவிட்டது. மூன்றுக்கு மேல் தேர்வு வேண்டுமென்றால் பட்டியல் செய்தி இருக்கிறது, 10 வரி வரை போடலாம். ஆனால் அதைத் திறக்க ஒரு தட்டு, தேர்ந்தெடுக்க ஒரு தட்டு, அனுப்ப ஒரு தட்டு. வயதானவர்கள் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். விலைப்பட்டியலை ஒரே படமாக அனுப்புவது எங்களுக்குச் சரியாக வருகிறது.

எங்கள் கடையின் உயிர்நாடி கல்யாணப் பாய். மணமக்கள் பெயரும் தேதியும் பாயிலேயே நெய்து தருவது. முதலில் அதற்கு நீளமான ஃப்ளோ வைத்திருந்தோம்: மணமகன் பெயர், மணமகள் பெயர், தேதி, அளவு, நிறம், முகவரி. ஒருவர் மணமகள் பெயர் கேட்ட இடத்தில், "இருங்க, வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று போட்டார். பாட் அதையே மணமகள் பெயராகக் குறித்துக்கொண்டது. நெய்கிறவர்கள் கண்ணில் பட்டதால் சிரிப்போடு போயிற்று. நெய்த பாயில் எழுத்தைப் பிரித்தெடுக்க முடியாது.

இப்போது அந்த ஃப்ளோவில் பாட் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறது: "கல்யாணப் பத்திரிகையின் படத்தை அனுப்புங்கள்." அதில் எல்லாம் இருக்கிறது. நாங்கள் பார்த்து, நெய்யப் போகிற எழுத்தைத் தாளில் பெரிதாக எழுதிப் படம் எடுத்து அனுப்புவோம். அதற்குக் கீழே 'சரி', 'திருத்தணும்' என்று இரண்டு பட்டன். 'சரி' விழுந்த பிறகுதான் தறிக்குப் போகும். பின்னால் பேச்சு வந்தால் அந்த 'சரி' நேரத்தோடு பதிவாகி இருக்கிறது. கொடுத்த சந்தாவுக்கு இந்த ஒன்றே போதும் என்று வாப்பாவே சொல்லிவிட்டார்.

நயமான பாய் நெய்து முடிய வாரக்கணக்காகும். அங்கேதான் 24 மணி நேர விதி இடிக்கிறது. வாடிக்கையாளர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரம் வரை நாம் எதை வேண்டுமானாலும் எழுதலாம். அது தாண்டினால், வாட்ஸ்அப்பை நடத்தும் மெட்டா நிறுவனத்திடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய டெம்ப்ளேட், அதாவது எழுதி வைத்த அச்சுச் செய்தி, மட்டுமே போகும். ஆக, 'பாய் தயார்' என்று சொல்லவே ஒரு டெம்ப்ளேட் வேண்டும். அதில், "புதிய டிசைன்களும் வந்துள்ளன, பாருங்கள்" என்று ஒரு வரி கூடச் சேர்த்தால் அது ஆர்டர் தகவலாக நிற்காது, விளம்பர வகைக்குப் போய்விடும். இந்தியாவில் விளம்பரச் செய்தியின் கட்டணம் தகவல் செய்தியைப் போலப் பல மடங்கு. வாய் சும்மா இருந்தால் காசு மிச்சம்.

கட்டண முறையும் நடுவில் மாறியது. நாங்கள் சேர்ந்தபோது 24 மணி நேர உரையாடலுக்கு ஒரு கட்டணம் என்று கணக்கு. 2025 ஜூலை முதல் டெம்ப்ளேட் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. வாடிக்கையாளர் கேட்டு நாம் சொல்கிற சாதாரணப் பதிலுக்கு மெட்டா இப்போது காசு வாங்குவதில்லை. சேவை நிறுவனத்தின் சந்தாவும் அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் வேறு.

2023 டிசம்பர் வெள்ளத்தை நெல்லைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்த மழை அது. தாமிரபரணி கரை தாண்டிப் போனது. எங்களுக்குக் கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. பாட் இருப்பது எங்கோ ஒரு சர்வரில். அது பாட்டுக்குச் சென்னைக்காரர்களுக்கும் பெங்களூர்க்காரர்களுக்கும், "உங்கள் ஆர்டர் 3 நாளில் அனுப்பப்படும்" என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. சிக்னல் வந்து பார்த்தபோது ஒருவர், "டிவில ஊரே தண்ணியா இருக்கு, நீங்க நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டிருந்தார். அதற்கும் பாட் விலைப்பட்டியலை அனுப்பியிருந்தது.

அதன் பிறகு எல்லா ஃப்ளோவுக்கும் தலையில் ஒரு அறிவிப்புக் கட்டம் சேர்த்தோம். அதில் ஏதாவது எழுதினால் அது மட்டுமே போகும், மற்ற எதுவும் ஓடாது. வெளியூரில் இருக்கும் என் தங்கச்சி போனிலிருந்தும் அதை மாற்றலாம். மழை, துஷ்டி, பெருநாள் எல்லாவற்றுக்கும் உதவுகிறது.

ஏஐ வைத்துப் பேச விடலாமே என்று சேவைக்காரர்கள் மாதம் ஒருமுறை அழைக்கிறார்கள். கனடாவில் ஏர் கனடாவின் சாட்பாட், துக்கத்துக்குப் பயணம் செய்கிறவர்களுக்கான சலுகையைப் பயணி ஒருவரிடம் தப்பாகச் சொல்லி, 2024 பிப்ரவரியில் அந்த நிறுவனமே பணம் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்ற வாதம் எடுபடவில்லை. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி. வந்த செய்தி விலை கேட்கிறதா, ஆர்டர் நிலவரம் கேட்கிறதா என்று பிரிக்க மட்டும் ஏஐ வைத்திருக்கிறோம். ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாகத் தட்டும் தமிழை அது நன்றாகவே பிடிக்கிறது. விலையை மட்டும் அது சொல்லாது. நாங்கள் எழுதி வைத்ததுதான் போகும்.

வாங்குவதற்கு முன் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: போட்ட ஃப்ளோவை வெளியே எடுத்துப் போக முடியுமா? வேறு சேவைக்கு மாறும்போது நம்பரைக் கொண்டுபோகலாம். ஃப்ளோ வராது, எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்ட வேண்டும். அதனால் கடைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எங்கள் கட்டங்களைப் பென்சிலில் வரைந்து வைத்திருக்கிறேன். வாப்பா அதில் ஒரு கட்டத்தை அடித்துவிட்டு, "இது வேண்டாம், நானே பேசிக்கிடுதேன்" என்று எழுதியிருக்கிறார். மொத்த ஆர்டருக்குப் பேரம் பேசுகிற கட்டம் அது.