பெருவிரல் எலும்பு ஆபரேஷன்: ஒரு வருடம் கழித்து என் மதிப்பீடு

திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் என் வலது கால் பெருவிரலைச் சரிசெய்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. மூன்றாம் மாதம் எழுதியிருந்தால் இரண்டு ஸ்டார்தான் கொடுத்திருப்பேன். இன்று ஐந்துக்கு நான்கு.

நான் கணக்கு ஆசிரியை, நின்றே பாடம் எடுப்பவள். அம்மாவுக்கும் இதே கால்தான். பெருவிரல் உள்ளே சாய்ந்து, அதன் அடியில் எலும்பு புடைத்து நிற்கும். எனக்கு அது அடுத்த விரலையும் நெருக்கி, மெட்டி சதையில் பதிந்து புண்ணாகிவிட்டது. ஷூ கிடக்கட்டும், சாதாரண வார் செருப்பே உரசும்.

டாக்டருக்கு முழு மதிப்பெண். நிற்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்; பாரம் விழுந்தால்தான் விரலின் உண்மையான கோணம் தெரியுமாம். 15 டிகிரி வரை இயல்பு, எனக்கு முப்பதை நெருங்கியிருந்தது. அப்புறம், "வலி போகணுமா, கால் அழகா தெரியணுமா?" என்று கேட்டார். வலிதான் என்றேன். "அப்போ செய்யலாம்மா. அழகுக்காக மட்டும்னா நான் கத்தி வைக்க மாட்டேன்" என்றார். இந்தக் கேள்விக்காகவே அவரிடம் போகலாம். பிசியோதெரபி அறையில் நான் பார்த்த பெண்களில் மனம் நொந்திருந்தவர்கள், இனி கூர்முனை ஷூ போடலாம் என்று நம்பி வந்தவர்கள்தான்.

பலன் உண்டா என்றால், உண்டு. பின்லாந்தில் 209 பேரிடம் நடந்த ஆய்வு 2001இல் வெளியானது. ஆபரேஷன், செருப்புக்குள் வைக்கும் தாங்கி, எதுவும் செய்யாமல் காத்திருப்பது என்று மூன்று பிரிவு. தாங்கி ஆறு மாதம் வரை உதவியது. ஒரு வருடத்தில் ஆபரேஷன் செய்தவர்களே முன்னால் நின்றார்கள். எனக்கும் அவர்களுக்குச் செய்த அதே முறைதான்: எலும்பை 'வி' வடிவில் வெட்டி நகர்த்துவது. கணுக்காலில் ஊசி போட்டு மரக்கச் செய்தார்கள், வலி தெரியவில்லை.

குறை அதற்குப் பிறகுதான். டிஸ்சார்ஜ் தாளில் "பாதத்தை உயர்த்தி வைக்கவும்" என்று ஒரே வரி. வெட்டிய எலும்பு ஒட்ட ஆறு வாரம் போதும், ஆனால் வீக்கம் ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட இருக்கும் என்பதை யாரும் சொல்லவில்லை. கால் வீங்கிக்கொண்டே இருக்க, ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று இரவெல்லாம் அழுதிருக்கிறேன். குந்தி உட்காரப் பெருவிரல் நன்றாக மடங்க வேண்டும். வீட்டில் இந்தியன் டாய்லெட்டா, வாசலில் கோலம் போடுவீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. குதிகாலில் பாரம் தாங்கும் தனிச் செருப்புக்கும் பிசியோவுக்கும் தனிக் காசு. முதலில் சொன்ன தொகையில் அவை இல்லை.

டிஸ்சார்ஜ் அன்றே திருப்திப் படிவம் ஒன்றை நீட்டினார்கள். அறை சுத்தமா, சாப்பாடு சூடா, நர்ஸ் அன்பா பேசினாரா. கட்டுப் பிரிக்காத காலோடு என்ன திருப்தியைச் சொல்வது? இதற்கென்றே மான்செஸ்டர்-ஆக்ஸ்ஃபோர்டு பாதக் கேள்வித்தாள் இருக்கிறது. மொத்தம் 16 கேள்விகள். நடக்க முடிகிறதா, வலிக்கிறதா என்பதோடு, உங்கள் பாதத்தைப் பற்றியும் போடவேண்டிய செருப்பைப் பற்றியும் கூச்சமாக இருக்கிறதா என்றும் கேட்கும். கல்யாண வீட்டில் புடவைக்குள் காலை மறைத்து உட்கார்ந்த எந்தப் பெண்ணுக்கும் அந்தக் கேள்வி புரியும். அதை ஒரு வருடம் கழித்து ஃபோனிலாவது கேளுங்கள்.

இப்போது அகல முனைச் செருப்பில் வலியில்லாமல் நிற்கிறேன், மெட்டி உறுத்துவதில்லை. விரலின் ஓரம் கொஞ்சம் மரத்தே இருக்கிறது. இடது காலும் லேசாகச் சாய்கிறது, வலிக்காதவரை தொடவேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என்னைப் போன்ற ஆசிரியைகள் கோடை விடுமுறை தொடங்கியதும் செய்துகொள்ளுங்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் வகுப்பில் உட்கார ஒரு நாற்காலி வேண்டும் என்று தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.