கலிபோர்னியாவில் குடும்ப நீதிமன்ற ஆவணம் பெறும் சேவை

விவாகரத்துத் தீர்ப்பின் சான்றளிக்கப்பட்ட நகலுக்காக எங்கள் கவுன்ட்டியின் (மாவட்டம் போன்ற பகுதி) சுப்பீரியர் நீதிமன்ற (வழக்குகளை முதலில் விசாரிக்கும் மாநில நீதிமன்றம்) எழுத்தர் அலுவலகத்தை அணுகினேன். குடும்ப வழக்குகளின் ஆவணங்களைப் பொதுமக்கள் வீட்டிலிருந்தபடி இணையத்தில் திறந்து படிக்க மாநில விதி இடம் தருவதில்லை என்பதால், வழக்கில் தாக்கலானவற்றையும் நடந்தவற்றையும் வரிசையாகக் காட்டும் நடவடிக்கைப் பட்டியலை மட்டும் பார்த்து வழக்கு எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். பிறர் வீட்டுச் சண்டை ஊரார் கைபேசிக்கு வர வேண்டியதில்லை என்பதால் இதை நான் குறை சொல்லமாட்டேன்.

எண் இருந்தால் பாதி வேலை முடிந்தது போலத்தான். எண் இல்லாமல் ஊழியர் பத்து நிமிடத்துக்கு மேல் தேட நேர்ந்தால் 15 டாலர் கட்டணம் உண்டு. சாதாரண நகலுக்குப் பக்கத்துக்கு 50 சென்ட். ஊழியர் பொறுமையாகப் பேசினார். ஆனால் சான்று முத்திரை வேண்டுமா என்று கேட்கும் கட்டம் படிவத்தின் அடியில் ஒளிந்திருப்பது பெருங்குறை.