பசை வைத்து இழுத்தேன், பட்டியோடு பெயிண்ட் வந்தது

கைப்பேசியைத் திறந்தால் இப்போது அடிக்கடி ஒரு விளம்பரம் வருகிறது. கார் கதவில் குழி. அதன்மேல் நீலநிறப் பிளாஸ்டிக் குமிழை ஒட்டி, திருகை நாலு சுற்று சுற்றுகிறார்கள். குழி இருந்த இடமே தெரியவில்லை. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அந்தக் குழி எடுக்கும் பெட்டியை வாங்காதீர்கள். நான் 1,899 ரூபாய்க்கு வாங்கினேன். அது செய்த வேலையைச் சரிசெய்ய இப்போது 14,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள்.

வண்டி 2005 மாடல் சான்ட்ரோ. ஏப்ரலில் பெங்களூரில் தம்பி வீட்டு வாசலில் நின்றபோது கோடைமழையோடு ஆலங்கட்டி கொட்டியது. பானெட்டிலும் டாப்பிலுமாக (மேற்கூரை) இருபத்துமூன்று குழிகள். குமரி மாவட்டத்தில் எங்கள் தக்கலைக்கு வந்து சொன்னால் யாரும் நம்பவில்லை. நம் ஊரில் வண்டிமேல் விழுவது தேங்காய்தானே. "எந்தத் தென்னைக்குக் கீழே கொண்டு நிறுத்தினாய்?" என்றுதான் மாமா கேட்டார்.

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்ததால் அந்த வழியும் அடைத்துவிட்டது. முழுக் காப்பீட்டில் ஆலங்கட்டிச் சேதமும் அடங்கும்; பத்து வயது தாண்டிய வண்டி என்றால் மாற்றும் உலோகப் பாகங்களின் விலையில் பாதியைத் தேய்மானமாகக் கழிப்பார்கள், அவ்வளவுதான்.

கண்ணை மூடிக்கொண்டு நான் வாங்கவில்லை. "பானெட் முன்பே பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு) போட்டு மறுபெயிண்ட் அடித்தது, இது ஆகுமா?" என்று விற்பவருக்குச் செய்தி அனுப்பிக் கேட்டேன். "எந்த வண்டிக்கும் ஆகும், பெயிண்டுக்கு ஒன்றும் ஆகாது" என்று பதில் வந்தது. என் கோபமெல்லாம் இந்த ஒரு வரிமேல்தான்.

முதலில் டாப்பில் தொடங்கினேன். அது கம்பெனி பெயிண்ட். பகல் பதினொரு மணி வெயிலில் தகடு தோசைக்கல்லாகக் கிடந்தது. உருக்கி வைத்த பசை இறுகவே இல்லை, குமிழ் வழுக்கிக்கொண்டு வந்தது. சாயங்காலம் மறுபடி முயன்றேன். ஒரு குழி எழும்பியது, ஆனால் அளவுக்கு மேல் எழும்பி, பரு போல நின்றது. அதை மெல்லத் தட்டி இறக்கத் தனிக்குச்சி வேண்டுமாம். பெட்டியில் அது இல்லை.

அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். மறுநாள் பானெட்டில் வைத்தேன். திருகை மூன்றாவது சுற்று சுற்றும்போது 'டக்' என்று ஒரு சத்தம். குமிழ் கையோடு வந்துவிட்டது. அதன் அடியில் பத்து ரூபாய் நாணய அளவில் ஒரு சில்லு ஒட்டியிருந்தது. விளிம்பைத் திருப்பிப் பார்த்தேன்: மேலே வெள்ளி நிறம், கீழே சாம்பல் பிரைமர், அதற்கும் கீழே பிஸ்கட் கனத்துக்குப் பட்டி. பானெட்டில் பெயர்ந்த இடத்தில் பழைய துரு தெரிந்தது. குழி மட்டும் இருந்தபடியே இருந்தது.

திங்கள்சந்தையில் எனக்குத் தெரிந்த டிங்கரிங் மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். அவர் எதுவும் சொல்லாமல் மேசையில் கிடந்த சிறு காந்தத்தை எடுத்து முதலில் டாப்பில் வைத்தார், கப்பென்று பிடித்தது. பானெட்டில் வைத்தார், நடுவில் பட்டி கனமாக இருந்ததால் சறுக்கி விழுந்தது. "மக்களே, பட்டிமேல் பசை ஒட்டினால் பட்டிதான் வரும், தகடு எப்படி வரும்?" என்றார். பெயிண்ட் உரியாத டாப் குழிகளை உள்ளிருந்து கம்பி விட்டுத் தள்ளி எடுக்கலாமாம். பானெட்டை முழுதாகச் சுரண்டித்தான் ஆகவேண்டும். அதுவும் ஜூன் மழைக்கு முன்னால். இந்தக் கடற்காற்றில் வெறும் தகட்டைத் துரு விட்டுவைக்காது.

விற்பவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "பிரித்த பொருள் திரும்பப் பெறப்படாது" என்றார். பிரிக்காமல் எப்படி ஐயா சோதிப்பது என்று கேட்டேன்; அதற்குப் பிறகு என் எண்ணையே தடுத்துவிட்டார். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன், அவர் அனுப்பிய அந்த வரியையும் படமெடுத்துக் கொடுத்திருக்கிறேன். புகார் எண் வந்திருக்கிறது, பணம் வரவில்லை.

பெட்டி இன்னும் வீட்டில்தான் கிடக்கிறது. தக்கலைப் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் இலவசமாகவே தருகிறேன், வரும்போது ஒரு காந்தம் கொண்டுவாருங்கள்.