‘உங்க தோல் அப்படி’ என்று சொல்லும் டாட்டூ கடையில் ஏமாறாதீர்கள்

மணிக்கட்டிலோ கணுக்காலிலோ டாட்டூ குத்தலாம் என்றிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

கோவையில் ஒரு கடையில், இடது மணிக்கட்டின் உள்பக்கம் என் அமுச்சியின், அதாவது அம்மாவைப் பெற்றவளின், பெயரைக் குத்திக்கொண்டேன். கண்ணம்மா. முடித்த கையோடு பார்த்தபோது அச்சடித்த மாதிரி இருந்தது. ஓரிரு நாளில் எழுத்துகளைச் சுற்றி நீல நிழல் படர ஆரம்பித்தது. இப்போது ‘ண்ண’வின் சுழிகள் அடைபட்டு, கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் வெறும் கறைதான்.

கடையில் போய்க் காட்டினேன். “வீக்கந்தானுங்க்கா, வத்திரும்” என்றார் குத்தியவர். வற்றவில்லை. மறுபடி போனால், “உங்க தோல் ரொம்ப மெல்லிசுங்க்கா, அதான்.” அதையும் மறுத்துக் கேட்டால், “எல்லா டாட்டூவும் பரவத்தான் செய்யும்.” அமுச்சியின் கையில் இருந்த பச்சையும் பரவித்தான் இருந்தது, ஆனால் அதற்கு ஒரு ஆயுளே ஆயிற்று.

நடந்தது என்ன என்று தோல் மருத்துவர்தான் விளக்கினார். நம் மேல்தோல் பெரும்பாலான இடங்களில் சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். அது ஏறக்குறைய மாதத்துக்கு ஒருமுறை உதிர்ந்து புதுசாகிவிடும், அங்கே நின்ற மையும் கூடவே போய்விடும். அதனால் ஊசி அதற்கு அடியில் உள்ள உள்தோலில் மையை விட வேண்டும். அங்கே நோய் எதிர்ப்புச் செல்கள் மைத்துகள்களை விழுங்கிக்கொள்கின்றன, ஆனால் செரிக்க முடிவதில்லை. ஒரு செல் செத்தால் அது விட்ட துகளை இன்னொன்று விழுங்கும். 2018-இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் இதை எலிகளிடம் காட்டினார்கள். டாட்டூ வருடக்கணக்கில் நிற்பது இப்படித்தான்.

உள்தோலுக்கும் கீழே கொழுப்பு. ஊசி அதுவரை இறங்கினால் மையைப் பிடித்து நிறுத்த அங்கே இறுக்கமான நார்ப்பின்னல் கிடையாது, பக்கவாட்டில் ஓடிவிடும். தொழிலில் இதை ப்ளோ-அவுட் என்கிறார்கள். கறுப்பு மையே ஆனாலும் ஆழத்தில் கிடந்தால் வெளியே நீலமாகத் தெரியும். மணிக்கட்டின் உள்பக்கத் தோல் மெல்லிசு என்பது உண்மைதான். அது எல்லாருக்குமே மெல்லிசு. அதற்கேற்ப ஊசியின் ஆழத்தைக் குறைப்பதுதானே அவருடைய வேலை? அதற்குத்தானே காசு வாங்குகிறார்?

குத்தும்போது ஊசிமுனை அளவில் ரத்தம் பொடிப்பது சகஜம். எனக்குத் துடைக்கத் துடைக்க வழிந்தது, அவர் கை மட்டும் நிற்கவே இல்லை. உங்களுக்கு அப்படி வழிந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். வீக்கமா, ரத்தக்கட்டா, ப்ளோ-அவுட்டா என்று பின்னால் சந்தேகம் வந்தால் நிறத்தைக் கவனியுங்கள். ரத்தக்கட்டு பச்சை, மஞ்சள் என்று மாறி மறைந்துவிடும். ப்ளோ-அவுட் அப்படியே நிற்கும்.

இதைவிடப் பெரிய அநியாயம் அடுத்து நடக்க இருந்தது. இன்னும் கொஞ்சம் பணம் கொடுத்தால் நிழலின் மேல் ஸ்கின் கலர் இங்க் குத்தி மறைத்துவிடலாம் என்றார் டாட்டூ குத்தியவர். நல்லவேளை, மருத்துவர் தடுத்தார். தோல் நிற மைகளில் பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி இருக்கும். பிற்பாடு லேசரில் எடுக்கப் போனால் அது சாம்பலாகவோ கறுப்பாகவோ மாறிவிடக்கூடும். சாதாரணக் கறுப்பு மை லேசருக்கு நன்றாகவே கட்டுப்படும், அதையும் சிக்கலாக்கியிருப்பார். ‘மறைச்சுத் தர்றேன்’ என்று எந்தக் கடையில் சொன்னாலும் முதலில் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி எனக்கு லேசர்தான். பல தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவே பல வாரம் இடைவெளி விட்டுப் போக வேண்டும். செலவு டாட்டூவுக்குக் கொடுத்ததைப் போலப் பல மடங்கு. பணத்தைத் திருப்பித் தர முடியாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள்.

அப்புறம் ஒன்று. கடைகள் இன்ஸ்டாகிராமில் போடும் படங்களில் நிறைய, குத்தி முடித்த நிமிடமே எடுத்தவை. அவற்றை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆறிய பிறகு, சில மாதம் கழித்து எடுத்த படங்களைக் கேளுங்கள், அதுவும் நீங்கள் குத்தப் போகிற அதே இடத்தில் குத்தியவையாக. என் கையை அன்று எடுத்த படத்தை நீக்கச் சொல்லிக் கேட்டுவிட்டேன். இன்னும் அந்தக் கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் மாதிரியாக ஓடிக்கொண்டிருக்கிறது.